நெய்வேலி: பட்டா இல்லாதவனின் பங்கு எங்கே?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால் வழிநெடுக வயல் தெரியும். மேற்கே திரும்பி வடலூரைத் தாண்டினால் காட்சி மாறிவிடுகிறது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண், மலைபோல் நிற்கிறது. அதற்கப்பால் அகன்ற நேர்ச்சாலைகள், எண் போட்ட வட்டங்கள், நிழல் மரங்கள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அதுதான் நெய்வேலி நகரியம். முதலில் காகிதத்தில் கோடு போட்டு, பிறகு மண்ணில் எழுப்பிய ஊர்.

இந்த ஊருக்கு மூலம் ஒரு குடும்பத்தின் கிணறு. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் பாசனத்துக்காகத் துளைக்கிணறு இறக்கினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. வேறொரு மிராசுதாராக இருந்தால் கிணற்றைத் தூர்த்துவிட்டு வேறிடம் பார்த்திருப்பார். இவர் அதைச் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பின்னால் 620 ஏக்கர் நிலத்தையும் அளித்தார். அந்தப் பெருமையை நாம் குறைக்கவில்லை.

1956 நவம்பரில் பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020 வரை உழைத்து ஓய்ந்தது. நம் ஆலைகளின் சக்கரங்கள் சுழன்றதில் அந்த மின்சாரத்துக்குப் பங்கு உண்டு. அது மக்கள் சொத்து. 2013-இல் மத்திய அரசு அதன் பங்குகளை விற்கப் புறப்பட்டபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து மறித்தார்கள். கடைசியில் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கிக்கொண்டன. ஆகவே சுரங்கம் கூடாது என்று நாம் பேச வரவில்லை.

ஆனால் 620 ஏக்கரோடு சுரங்கம் நிற்குமா? ஊர் ஊராகப் போயின. முந்திரித் தோப்பும் புன்செய்யும் போயின. அப்போது கையிலிருந்த சட்டம் 1894-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்டது. அதன் கண்ணுக்குப் பட்டா தெரியும். பட்டாதாரனின் வயலில் நாற்று நட்ட பெண்ணைத் தெரியாது. ஐம்பது ஏக்கர்க்காரருக்கு ஐம்பது ஏக்கருக்கான பணம், அரைக்காணிக்காரனுக்கு அரைக்காணிக்கான பணம், அந்த இருவர் நிலத்திலும் உழைத்தவனுக்குப் பூஜ்யம்! நிலம் போனது உடையவனுக்கு மட்டுமா? கூலியும் அதோடுதானே போனது?

தண்ணீரைப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் துளை போட்டால் நீர் தானாகவே பொங்கி வழிந்த காலம் உண்டு. நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் அந்த நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இறைத்த நீரில் ஒரு பகுதி வயலுக்கும், ஒரு பகுதி சென்னையின் குடத்துக்கும் போகிறது. சுற்றுக் கிராமத்தான் தன் கிணற்றுக்கு மேலும் மேலும் குழாய் இறக்குகிறான். குழாய் இறக்கப் பணமில்லாதவன் சாகுபடியை விடுகிறான். அவன் விட்டால் கூலியாளுக்கு வேலை ஏது?

நிலமிழந்து வந்தவர்களில் பலருக்கு ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயர்தான் கிடைத்தது. ஒரே வாசல் வழியாக நுழைகிறார்கள், ஒரே சூட்டில் வேகிறார்கள். சம்பளம் மட்டும் வேறு, குடியிருப்பும் வேறு. 2020 ஜூலை 1-இல் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது நெருப்பு ஆள் பார்த்துச் சுடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் மாண்டார்கள்.

2023 ஜூலையில் நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரவனாற்று வாய்க்காலைத் திருப்புவதற்காக, வளையமாதேவியில் பச்சையாக நின்ற நெற்பயிரின்மேல் எந்திரங்களை ஏற்றினார்கள். “நிலத்தை முன்பே எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது” என்பது நிர்வாகத்தின் வாதம். எடுத்த நிலம் என்றால், பயிர் வளரும்வரை பார்த்துக்கொண்டிருந்தது ஏன்? அறுவடைவரை பொறுக்க முடியாத அவசரம் என்ன? உயர்நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் ஏக்கர் கணக்கில் வரும் பணம், ஏக்கரே இல்லாதவனின் குடிசையை எப்படித் தேடி வரும்? அந்தப் பயிரின் களையெடுப்பும் அறுப்பும் எத்தனை பெண்களின் கூலி!

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒரு புது வாசலைத் திறந்திருக்கிறது. சொந்த நிலமில்லாவிட்டாலும், நிலம் எடுப்பதற்கு முன் மூன்றாண்டுகள் அந்த இடத்தில் உழைத்துப் பிழைத்த விவசாயத் தொழிலாளியும் குத்தகைதாரனும் அதன்படி பாதிக்கப்பட்ட குடும்பத்தார். வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று அதன் அட்டவணை சொல்கிறது. பட்டாதாரனிடம் பத்திரம் இருக்கிறது. கூலியாள் மூன்றாண்டு உழைத்ததற்கு ரசீது கேட்டால் எங்கே போவான்? கையிலிருக்கும் காய்ப்பைத்தான் காட்ட முடியும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். வளையமாதேவி, கத்தாழை, கரிவெட்டி போன்ற ஊர்களில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் பட்டியலை அதிகாரிகள் மேஜையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. கிராம சபையில், சேரியிலிருந்து வந்தவர்களும் பேசிய பிறகு எழுத வேண்டும். பக்கத்து வயல்காரனின் சாட்சியத்தை ஆதாரமாக ஏற்க வேண்டும். பழைய சட்டத்தில் எடுத்த ஊர்களில் விடுபட்டவர்களுக்கும், ஒப்பந்த வேலையில் வயதைத் தொலைத்தவர்களுக்கும் நிரந்தர வேலையில் முன்னுரிமை வேண்டும். பட்டியல் ஊரில் வாசிக்கப்பட்டு, ஆட்சேபணைகள் கேட்கப்படும்வரை ஒரு எந்திரமும் வரப்பைத் தாண்டி இறங்கக் கூடாது.