சுவரில் இல்லாத விதி

சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கம் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கம்பி ஏற்றிய டிரெய்லர்கள் அடைத்து நிற்க, இடுக்கில் பைக்கை நுழைத்து, முதுகில் சாப்பாட்டுப் பையோடு ஒரு தம்பி தவித்துக்கொண்டிருப்பார். பரோட்டா ஆறிப்போகிறது. வாங்கியவர் ஒற்றை நட்சத்திரம் தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார். வழி மறித்த டிரெய்லருக்கு யார் நட்சத்திரம் போடுவது?

அந்த மதிப்பெண்ணை எப்படிக் கூட்டிக் கழிக்கிறார்கள், எவ்வளவு இறங்கினால் ஐடி முடங்கும் என்பதெல்லாம் தம்பிக்குத் தெரியாது. முதலாம் பராந்தகன் காலத்திலேயே, ஆயிரம் ஆண்டுக்கு முன்பு, ஊர்ச் சபைக்கு ஆளெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று உத்திரமேரூர்ச் சுவரில் வெட்டி வைத்தார்கள். (கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் தடை, அது கொஞ்சம் அதிகம்தான்.) விதி கடுமையோ இல்லையோ, ஊர் கண்ணில் பட்டது.

கர்நாடகத்தின் 2025 சட்டப்படி, இந்தத் தம்பியைப் போன்ற கிக் தொழிலாளியை நீக்க எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். தமிழ்நாடு 2023இல் நல வாரியம் அமைத்தது. கர்நாடகத்தின் அந்தப் பாதுகாப்பு இங்கும் சட்டமாக வேண்டும். நெரிசலில் சிக்கிய நேரத்தை மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது என்பதை முதலில் எழுதுங்கள்.