எளிய வாழ்வுக்கு முதற்படி

நேரம் போதவில்லை, வருமானம் போதவில்லை, மனத்தில் அமைதியில்லை என்னும் குறை இந்நாளில் நமது ஜனங்களிடையே எங்கும் கேட்கிறது. முற்காலத்தில் நாட்கணக்கில் நடந்த காரியங்களை நிமிஷத்தில் முடித்துத் தரும் கருவிகள் கைக்குள் வந்த பின்னரும் இக்குறை வளர்ந்து வருவது விந்தையே. இதற்குப் பரிகாரமாக எளிமையை உபதேசிப்போர் பலர். உபதேசம் நல்லதே. ஆயினும் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? அவரவர் வாழ்வின் நோக்கமே அந்த அளவுகோல் என்பது நமது கருத்து. நோக்கம் தெளிந்தால் எளிமை அதன் பின்னே வரும்.

மகாத்மா காந்தியின் மாணவப் பருவம் இதற்குத் தக்க திருஷ்டாந்தம். 1888-ஆம் வருஷம் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்ற அவர், முதலில் ஆங்கிலக் கனவானாக விளங்க ஆசைப்பட்டார். பாண்டு வீதியில் 10 பவுண்டு கொடுத்து மாலையுடுப்புத் தைத்துக்கொண்டார். 19 ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி வாங்கினார். 3 பவுண்டு செலுத்தி நடனம் பயின்றார், தாளம் பிடிபடவில்லை. மேனாட்டுச் சங்கீதத்தில் காது பழகட்டும் என்று இன்னொரு 3 பவுண்டுக்குப் பிடில் வாங்கினார். பிரசங்கக் கலைக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தினார். நாள்தோறும் பத்து நிமிஷம் கண்ணாடி முன் கழுத்துப்பட்டையோடும் தலைவகிட்டோடும் போராடினார். இவற்றையெல்லாம் ‘சத்திய சோதனை’யில் அவரே ஒளிவின்றி எழுதியிருக்கிறார்.

இம்மோகம் சுமார் மூன்று மாதமே நீடித்தது. அதை ஒழித்தது பணமுடையன்று. பிறர் கண்டனமும் அன்று. தாம் ஒரு மாணாக்கர், படிக்க வந்தவர், ஆயுள் முழுவதும் இங்கிலாந்தில் கழிக்கப்போகிறவர் அல்லர் என்ற தெளிவே அதை ஒழித்தது. பிடிலை விற்றுவிடும்படி கற்பித்த ஆசிரியையிடமே கேட்டுக்கொண்டார். காசு விடாமல் கணக்கெழுதி, இரவில் படுக்குமுன் இருப்பைச் சரிபார்க்கும் வழக்கம் அவரிடம் இருந்தது. அக்கணக்கைக் கொண்டே செலவைப் பாதியாக்கத் துணிந்தார். போகவேண்டிய இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து செல்லக்கூடிய இடத்தில் அறை எடுத்தார். வண்டிச் சத்தம் மிஞ்சியது. தினம் எட்டுப் பத்து மைல் நடந்ததில் தேகமும் வலுத்தது.

சட்டப் படிப்போடு லண்டன் மெட்ரிகுலேஷன் பரீக்ஷையும் எழுதினார். முதன்முறை லத்தீனில் தவறினார். தவறியவர் தம் விதியை நொந்துகொண்டிருக்கவில்லை. வாழ்வில் இன்னும் எதைக் குறைக்கலாம் என்று பார்த்தார். இரண்டு அறை ஒன்றாயிற்று. ஓர் அடுப்பை வாங்கிக் காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். மிஞ்சிய பொழுது படிப்புக்குச் சென்றது. 1890-ல் தேறினார். அவ்வாழ்க்கை வறண்டதாக இருக்கவில்லை, உள்ளும் புறமும் ஒத்துச் சென்றன என்பதே அவருடைய சாட்சியம்.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் வண்ணான் கூலி மிகுந்தபோது, புத்தகம் வாங்கிச் சலவை கற்றார். அவர் முதலில் தோய்த்த கழுத்துப்பட்டையிலிருந்து கஞ்சி உதிர்வதைக் கண்டு நீதிமன்றத்தில் சக வக்கீல்கள் நகைத்தனர். அவர் கலங்கவில்லை. தம் காரியம் இன்னதென்று அறிந்தவனுக்குப் பிறர் நகைப்பு பாரமாவதில்லை. நம்மவருடைய வீண் செலவில் பெரும்பகுதி இந்த நகைப்புக்கு அஞ்சியே செய்யப்படுவதன்றோ?

நமது நிலையைச் சற்று நோக்குவோம். கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கிய கடன், பிள்ளை பள்ளி செல்லும் வயது வந்த பின்னும் தீராத குடும்பங்கள் உண்டு. மாதச் சம்பளம் வருமுன்பே தவணைகள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2016-ல் யு.பி.ஐ. முறை வந்தது முதல், பணம் கையை விட்டுச் செல்வதே கண்ணுக்குத் தெரிவதில்லை. செலுத்திய ஒவ்வொரு தொகையையும் அதே செல்பேசி பதிந்து வைத்திருக்கிறது. இரவில் அதை எடுத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? தேர்வாணையப் பரீக்ஷைக்குப் படிக்கும் வாலிபர்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. நிலத்தை அடகு வைத்துத் தந்தை அனுப்பிய பணத்தில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஐந்து நிமிஷத்துக்கென்று எடுத்த செல்பேசி அரைநாளைத் தின்றுவிடுகிறது. அங்கே வீணாவது மகனுடைய பொழுது மட்டுமன்று, தந்தையின் நிலமுமாகும்.

எளிமை என்பது ஏழைக்கு உபதேசிக்க வேண்டியதன்று என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அது முற்றும் நியாயமே. கூலி குறைந்தவனிடம் சிக்கனம் பேசுவது, கூலி கொடுப்பவன் தப்புவதற்கு வழியாகிவிடும். வேறு வழியின்றி வருவது வறுமை. எளிமை விரும்பி ஏற்பது. நாம் பேசுவது தேர்ந்தெடுக்க வகையுள்ளவர்களிடமே. ஆசைகளை அடக்கினால் வாழ்வின் சுவை கெடும் என்பாரும் உண்டு. சங்கீதத்தையும் நட்பையும் விட்டொழிக்குமாறு நாம் சொல்லவில்லை. சங்கீதமே ஒருவன் நோக்கமாயின் அவன் பிடிலை விற்க வேண்டியதில்லை, மற்றவற்றை விற்கட்டும்.

1909-ல் எழுதிய ‘ஹிந்த் சுயராஜ்’ நூலில், தன்னைத் தானே ஆளுவதே சுயராஜ்யம் என்று காந்தியடிகள் விளக்கினார். தேசம் 1947-ல் விடுதலை பெற்றது. தன் பொழுதையும் பணத்தையும் தான் ஆளும் விடுதலையை எந்தச் சட்டசபையும் ஒருவனுக்கு வழங்க இயலாது. அதை அவனே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் துறவு வேண்டாம். ஒரு குறிப்புப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் தமது நோக்கத்தை ஒரே வரியில் எழுதுக. ஒவ்வோர் இரவும் அன்றைய செலவையும் பொழுதையும் அதன்கீழ்ப் பதிந்து, அவ்வரிக்கு உதவாதது எது என்று பார்த்துவருக. ஒரு மாதம் இதனை விடாது செய்பவருக்கு வேறொருவர் உபதேசம் தேவைப்படாது என்பது நமது திடமான நம்பிக்கை.