நல்ல பகல் வெளிச்சத்தில்

"எனக்குக் கண் பக்கா, ஆறுக்கு ஆறு" என்று சொல்லிக்கொண்டே பனிமூட்டத்தில் வண்டியை விரட்டுகிற நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தத் தைரியத்தை அவருக்குக் கொடுத்த பரிசோதனையோடுதான் சண்டை.

ஓட்டுநர் உரிமத்துக்கு நாமே நிரப்பிக் கையெழுத்துப் போடுகிற படிவம் 1-ஐ எடுத்துப் பாருங்கள். 1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் வருவது. 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்கிறது. எப்போது? நல்ல பகல் வெளிச்சத்தில். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. கண்ணிடம் இதைவிடச் சுலபமான கேள்வியைக் கேட்க முடியுமா?

இப்போது காரவல்லிக்கு வாருங்கள். அங்கிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். நான் பலமுறை ஏறிய சாலை. மார்கழிக் காலையில் மேகம் இறங்கிவிட்டால் சாலை சாம்பல், தடுப்புச் சுவர் சாம்பல், எதிரே வரும் லாரியும் சாம்பல். வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. இல்லாமல் போவது வித்தியாசம்தான்.

கண்ணுக்கு வேண்டியதே அதுதான். எழுத்தாளர்கள் ஆசையாகச் சொல்கிற மாதிரி கண் ஒன்றும் கேமரா இல்லை. 1953இல் ஸ்டீபன் கஃப்ளர் பூனையின் விழித்திரையில் இதைக் காட்டினார். அங்கே ஒவ்வொரு நரம்புச் செல்லும் ஒரு சின்ன வட்டத்தைக் கவனிக்கிறது. நடுவில் ஒளி விழுந்தால் சில செல்கள் துடிக்கும், நடுவைச் சுற்றி விழுந்தால் அடங்கும். வேறு சில இதற்கு நேர்மாறு. இரண்டு இடத்திலும் ஒரே அளவு விழுந்தால் ஒன்றை ஒன்று பெரும்பாலும் கழித்துவிடும். நம் கண்ணிலும் இதே கணக்குதான். மூளைக்குப் போகிற சேதி 'எவ்வளவு வெளிச்சம்' என்பதைவிட, 'பக்கத்தில் இருப்பதைவிட எவ்வளவு வேறு' என்பதுதான். பனி அந்தச் சேதியைத்தான் தின்கிறது. ஹை பீம் போட்டால் இன்னும் மோசம். ஒளி நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி, மிச்சத்தையும் வெளுக்கடித்துவிடும்.

கண் மருத்துவரிடம் நாம் படிக்கிற ஸ்னெல்லன் அட்டை 1862இல் வந்தது. அதில் எழுத்து சிறிதாகும், ஒருபோதும் மங்காது. 1988இல் பெல்லி-ராப்சன் அட்டை வந்தது. அதில் எழுத்தின் அளவு மாறாது, கறுப்புதான் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போகும். ஆரம்பக் கண்புரை உள்ள ஒருவர் முதல் அட்டையில் ஜம்மென்று தேறிவிட்டு இரண்டாவதில் தடுமாறலாம்.

"ஆர்டிஓ ஆபீசுக்குப் பனியையா கொண்டுவர முடியும்?" என்று கேட்பீர்கள். வேண்டாம். ஓர் அட்டையும் சில நிமிடங்களும் போதும். மலையில் 'கவனமாகச் செல்லவும்' என்று பலகை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். கவனத்தால் இல்லாத வித்தியாசத்தை உண்டாக்க முடியாது. சாலையோர வெள்ளைக் கோடும், சுவரில் கறுப்பு-மஞ்சள் பட்டையும், ஒளிரும் வில்லைகளும் உண்டாக்கும். அவை அழகுக்கு அடிக்கிற பெயிண்ட் இல்லை. மங்கினால் உடனே திரும்ப அடிக்க வேண்டியவை.

படிவத்தில் பழைய கேள்வி இருந்துவிட்டுப் போகட்டும். அதன் கீழே இன்னொன்று வேண்டும்: மங்கலில் தெரிகிறதா?