அகராதியைத் திறந்து வச்சே விளையாடுவோம்

கரும்பலகையில ஒரு நீளமான ஆங்கிலச் சொல்லை எழுதிட்டு, "இதில இருக்கிற எழுத்துகளை மட்டும் வச்சு எத்தனை சொல் செய்யலாம்னு பாருங்க" என்று சொல்லுவாங்க. மலையகத்தில் படித்த யாருக்கும் இந்தப் பாடவேளை ஞாபகம் இருக்கும். எங்களுக்கு இது பெரும்பாலும் ஆங்கில ரீச்சர் வராத நாளில்தான் நடக்கும். கெட், ரெட், மெட் என்று மூன்றெழுத்துச் சொற்களோட கொப்பி முடிந்துவிடும்.

கம்பஸ் வந்து முதலாம் வருட ஆங்கில வகுப்பில் அதே விளையாட்டு. பக்கத்துக் குழுவுக்கு 30 சொல்லுக்கு மேல. எங்களுக்கு 11. நான் மேசைக்குக் கீழே போனை வைத்து, எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களைத் தேடித் தருகிற ஒரு தளத்தைத் திறந்தேன். பிடிபட்டேன். கள்ளம் என்று சொல்லி எங்கள் குழுவையே போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். போட்டி நடக்கும்போது ஒளித்துப் பார்த்தது பிழைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போட்டியே நியாயமா என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது.

தெரிந்த சொல்லைத்தான் எழுத்துகளுக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது காதில் விழாத சொல், எழுத்துகளை எத்தனை தரம் மாற்றிப் போட்டாலும் வராது. பக்கத்துக் குழுவில் இருந்தவர்களின் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஆங்கிலத்தில் பேசுவார்கள், அலுமாரியில் அகராதி இருக்கும். அவர்கள் அந்த அகராதியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்கள். நான் போனுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஸ்கிராபிள் விளையாட்டைக் கண்டுபிடித்த அல்பிரட் பட்ஸ் ஒரு அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையை இழந்தவர். செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் எழுத்துகளுக்கு விலை போட்டார். அதனால்தான் 100 கட்டைகளில் 'ஈ' மட்டும் 12 இருக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. 'கியூ' ஒன்றே ஒன்றுதான், அதுக்கு 10 புள்ளி. கிடைப்பது குறைவு என்பதால் விலை கூட. ஆங்கிலமும் இப்படித்தான். கொழும்பில் சில வீடுகளில் அது 'ஈ' மாதிரி, கையைப் போட்டால் வரும். லயத்தில் அது 'கியூ'. சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்தை 'கடுவ' என்று சொல்லுவாங்க, வாள் என்று அர்த்தம். அது வாளாகிறது சில பேர் கையில மட்டும் இருப்பதால்தான்.

இந்த விளையாட்டில் கெட்டித்தனம் என்றால் மொழியில் கெட்டித்தனம் என்றும் நினைக்க வேண்டாம். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகச் சம்பியன் ஆனார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சில வாரங்கள் அகராதியை மனப்பாடம் செய்துவிட்டுப் போய் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். சொற்பட்டியலில் உலகத்திலேயே முதலாவதாக வந்தவருக்கே அந்த மொழியில் பேச வராது என்றால், 11 சொல் எழுதியவரைப் பார்த்து "உனக்கு மொழி வராது" என்று எப்படி முடிவு கட்டுவது?

அந்தத் தளங்கள் எப்படி வேலை செய்யுது என்று தெரிந்தால் பயமும் போய்விடும். லிசன் என்ற சொல்லின் ஆறு எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்குங்க. ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்று வரும். சைலன்ட் என்ற சொல்லை அடுக்கினாலும் அதேதான் வரும். என்லிஸ்ட், டின்செல், இன்லெட்ஸ் எல்லாத்துக்கும் அதே வரிசை. கணினி அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இப்படி அடுக்கி வைத்துக்கொள்ளும். ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஆனால் அடுக்கி வைத்துவிட்டால், அந்த ஏழிலிருந்து எடுக்கக்கூடிய 127 சேர்க்கைகளைத் தேடினாலே போதும். மந்திரம் ஒண்ணும் இல்ல. (லிசன் என்றால் கேள், சைலன்ட் என்றால் பேசாதே. எங்கள் ஆங்கில வகுப்புகள் முழுக்க இந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே முடிந்தன.)

இந்த முறை விடுமுறைக்குத் தெமோதரைக்குப் போனபோது தங்கச்சியோடு இதை விளையாடினேன். அவளுக்கு இந்த வருசம் சாதாரண தரம். டீ, ஈ, ஏ என்ற மூன்று எழுத்தில் தொடங்கினோம். நாம் பறிக்கிற தேயிலையின் பேரே அதுதான். மாற்றிப் போட்டால் ஈட், சாப்பிடு. 'ஆர்' சேர்த்தோம். ரேட் வந்தது, கூலியின் அளவு. கண்ணீர் என்று பொருள்படும் டியர் வந்தது. தளம் இன்னொரு சொல்லையும் தந்தது: டேர். இரண்டு பேருக்கும் தெரியாது. அகராதியைப் பார்த்தோம். நிறுக்கும்போது பை, பெட்டி போன்றவற்றின் எடைக்காகக் கழிக்கிற அளவாம்.

அம்மா அடுப்படியிலிருந்து, "கொழுந்து நிறுக்கிறப்ப கழிக்கிறாங்களே, அதுவா?" என்று கேட்டார்.

அதேதான். ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்காக வருடக்கணக்காகப் போராடி, 2021இல் அது வர்த்தமானியில் வந்தது. அந்த ரேட் பற்றி எல்லாரும் பேசினாங்க. மடுவத்தில் தராசுக்கு முன்னால் நடக்கிற கழிவைப் பற்றித் தோட்டத்துக்கு வெளியே யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அம்மா இத்தனை வருசமாகச் சண்டை போட்ட விசயத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பேர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சொல் எங்கள் தலையிலிருந்து ஒருநாளும் வந்திருக்காது. போனிலிருந்துதான் வந்தது.

"இப்படிப் பழகினா மூளை சோம்பேறி ஆகிடும்" என்று ஒரு நண்பன் சொன்னான். பாதி உண்மை. தளம் தருகிற 40 சொல்லை அப்படியே கொப்பியில் இறக்கினால் ஒரு பிரயோசனமும் இல்ல. அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். முதலில் ஐந்து நிமிசம் சொந்தமாகத் தேட வேண்டும். பிறகு போனையும் அகராதியையும் பார்க்கலாம். ஆனால் தமிழில் பொருள் சொல்லி, நம்ம ஊரைப் பற்றி ஒரு வசனமும் சொன்னால்தான் புள்ளி.

தோட்டத்து வாசிகசாலையிலும் மாலை வகுப்புகளிலும் படிப்பிக்கிற நம்ம பெச் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கீங்க. இந்த விளையாட்டை இப்படி ஒருதரம் நடத்திப் பாருங்க. ஒரு வகுப்புக்கு ஒரு போனும் ஒரு அகராதியும் இருந்தால் போதும். யாருடைய உச்சரிப்பைப் பார்த்தும் யாரும் சிரிக்க வேண்டி வராது.

கடைசியாக 'ஐ'யும் 'என்'னும் சேர்த்தோம். ரெய்ன், ட்ரெய்ன் இரண்டும் வந்தன. தங்கச்சி ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னாள்: ட்ரெய்ன் ஸ்டேசனுக்கு அடியில் போகிறது. வெளியூர் ஆசிரியர் யாராவது பார்த்தால் பிழை என்று சிவப்புக் கோடு போடக்கூடும். ஆனால் தெமோதரையில் தண்டவாளம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஸ்டேசனுக்குக் கீழே இருக்கிற சுரங்கத்துக்குள்ளதான் போகுது. முழுப் புள்ளியும் கொடுத்தேன்.