சேற்றிலே ஓர் உற்சவம்

நமது நண்பர் ஒருவர் சென்ற வாரம் மிகுந்த கவலையுடன் நம்மைத் தேடி வந்தார். அவருடைய குமாரன், ஒரு வருஷ காலமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, ஜெர்மனி தேசத்துக்குப் பிரயாணம் போக உத்தேசித்திருக்கிறானாம். மேற்படிப்புக்காகவா? இல்லை. உத்தியோக விஷயமாகவா? அதுவும் இல்லை. ஒரு வயற்காட்டில் கூடாரம் அடித்துக்கொண்டு, சேற்றில் கிடந்து, 'ஹெவி மெட்டல்' சங்கீதம் கேட்பதற்காக!

"அந்தச் சத்தத்தைத்தான் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறானே! அதற்காகக் கடல் கடந்து போக வேண்டுமா? நீங்களே நியாயம் சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

நியாயம் சொல்வதற்கு முன் விசாரிப்பது முறையல்லவா? விசாரித்தோம்.

'கன உலோகம்' என்று பொருள்படும் இந்தச் சங்கீதத்துக்கும் உலோகத்துக்கும் உண்மையாகவே ஒரு சம்பந்தம் உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரத்தில் டோனி அயோமி என்ற வாலிபர் தகடு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கூலி வேலை பார்த்து வந்தார். 1965-ம் வருஷம் ஓர் இயந்திரம் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனியைத் துண்டித்துவிட்டது. அவரோ இடக்கைப் பழக்கமுள்ளவர். கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். மனிதர் மனம் தளர்ந்து மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்காலத்தில் சுருதியையும் தாழ்த்தினார். 1970-ல் அவருடைய 'பிளாக் சபாத்' கோஷ்டியார் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலிருந்துதான் இந்தச் சங்கீதம் தொடங்குகிறது என்று பலரும் சொல்கிறார்கள். கேட்பதற்குக் கடூரமாக இருக்கிறதென்று நாம் சொல்லலாம். சோம்பேறிகளின் சிருஷ்டி என்று மட்டும் சொல்வதற்கில்லை.

பையன் போக விரும்பும் ஊருக்கு வாக்கென் என்று பெயர். ஹாம்பர்க் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் கிராமம். ஜனத்தொகை ஏறக்குறைய 2,000. அவ்வூர் இளைஞர்களான தாமஸ் யென்ஸன், ஹோல்கர் ஹூப்னர் என்ற இருவர் 1990-ம் வருஷம் அங்கே ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். வந்தவர்கள் சுமார் 800 பேர். இப்பொழுதோ கோடைதோறும் எண்பதினாயிரம் பேருக்கு மேல் கூடக்கூடிய உற்சவமாக அது வளர்ந்திருக்கிறது. டிக்கெட்டுகள் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிட்ட வருஷங்களும் உண்டு. கறுப்புச் சட்டையும் நீண்ட கேசமுமாக இத்தனை பேர் வந்து இறங்கினால் கிராமத்தார் கதவைத் தாழிட்டுக்கொள்வார்கள் என்று நினைப்போம். அவர்களோ வாசலில் மேஜை போட்டுக் காப்பியும் காலைப் பலகாரமும் விற்கிறார்கள். ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களின் வாத்திய கோஷ்டியும் மேடையேறி வாசிக்கிறது.

மேடைக்கு முன்னே நெருக்கியடித்து ஆடும் கூட்டத்திலும் ஒரு தர்மம் இருக்கிறது. ஒருவன் கால் இடறி விழுந்தால், சுற்றியிருப்பவர்கள் உடனே நின்று அவனைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் மறுபடி ஆட வேண்டும். நமது ரயில் நிலையங்களில் இந்த தர்மம் பரவினால் நன்றாயிருக்கும்!

நம் தேசத்துக்கும் அங்கே இடமுண்டு. டில்லியைச் சேர்ந்த 'பிளடிவுட்' கோஷ்டியார் 2019-ம் வருஷம் அந்த மேடையில் வாசித்தார்கள். பஞ்சாபின் டோல் வாத்தியமும் புல்லாங்குழலும் அவர்களுடைய சங்கீதத்தில் கலந்து ஒலிப்பவை.

இனி, கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 'மழையானாலும் வெயிலானாலும்' என்பது அந்த உற்சவத்தாரின் பழைய கோஷம். 2023-ம் வருஷம் மழை தன் பங்கை அதிகமாகவே செலுத்தியது. வயல்கள் உளையாகிவிட்டன, மோட்டார் வண்டிகளை டிராக்டர் கொண்டு இழுக்கவேண்டியதாயிற்று. சுமார் 50,000 பேர் சேர்ந்ததும், இனி ஒருவரையும் அனுமதிப்பதற்கில்லை என்று அறிவித்துவிட்டார்கள். டிக்கெட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார்கள். ஆனால் பல தேசங்களிலிருந்து விமானம் ஏறி வந்து, பாதி வழியில் செய்தி கேட்டு நின்றவர்களின் மனத்துயருக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

இன்னொரு விஷயம். அத்தேசத்துக்கு விசா கோருபவர்கள் 30,000 யூரோவுக்குக் குறையாத இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அது வைத்தியம் முதலிய ஆபத்துச் செலவுக்கு. மழையால் உற்சவம் தவறிப்போனால் ஈடு தருவதற்கல்ல. அதற்கு வேறு பாலிஸி பார்க்கவேண்டும். அதன் ஷரத்துகளையும் கடைசி வரி வரையில் படிக்கவேண்டும்.

இவ்வளவையும் சொன்னதும் நண்பரின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா? போகவேண்டாமென்று எழுதிக் கொடுங்கள்!" என்றார்.

நாம் ஒரு கேள்வி கேட்டோம். நண்பர் வருஷந்தோறும் தை மாதத்தில் தவறாமல் திருவையாற்றுக்குப் போகிறவர். பஞ்சரத்ன கீர்த்தனங்களை வானொலியில் வீட்டிலிருந்தே கேட்கலாம். அப்படியிருக்க, இரவெல்லாம் ரயிலில் கண்விழித்து, பந்தலில் முழங்கால் மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பானேன்?

"அது வேறே, ஐயா! ஆயிரம் பேரோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்பது..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சற்று நேரம் மேல்துண்டின் கரையைத் திருகிக்கொண்டிருந்தார்.

இரண்டு சங்கீதமும் ஒன்றென்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் தனக்குப் பிரியமானதைத் தன்னைப் போன்றவர்களுடன் சேர்ந்து அனுபவிக்கவேண்டும் என்ற ஆசை தகப்பனுக்கு இருக்கும்போது, பிள்ளைக்கு இருப்பதில் குற்றம் என்ன? அவன் கேட்பது கடன் அல்ல. தன் உழைப்பின் பணத்தில் ஒரு வாரம். மழை வந்தால் நஷ்டமும் அவனுடையதே. நஷ்டத்தைத் தாங்கக் கற்பதும் பிரயாணத்தின் பலன்களில் ஒன்று.

ஆகவே, பையன் போய்வரட்டும் என்பதே நமது அபிப்பிராயம். பெட்டியில் முழங்கால் உயரமுள்ள ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும், மழை அங்கியும், காதடைப்பான்களும் அவசியம் இருக்கவேண்டும். செவி ஒரு தரம் கெட்டால் எந்தப் பாலிஸியும் அதைத் திருப்பித் தராது.

நண்பர் எழுந்து வாசல் வரையில் போனவர், திரும்பி வந்து கேட்டார்: "அந்த ரப்பர் பூட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்?"