அணைந்த விளக்கும் அணையாத ஆபத்தும்

மின்குமிழ் பழுதானால் அதைக் கழற்றிப் புதியதொன்றை மாட்டிவிடுவது நம் இல்லங்களின் பழைய வழக்கம். இன்றோ, உட்கூரையில் துளையிட்டுப் பதித்த எல்.இ.டி. விளக்குகள் பெருகிவிட்டன. இவற்றுட் பலவற்றில் தனியே கழற்றுவதற்குக் குமிழே இல்லை. ஆதலால், ஒன்று அணைந்தால் முழு விளக்கையும் வீசிவிடுவதே வழியெனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எப்பொழுதும் சரியன்று.

25,000 மணிநேரம் ஒளிரும் எனப் பெட்டியில் அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் 5 மணிநேரம் எரித்தால் அது 5,000 நாட்களுக்கு, அதாவது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரவேண்டும். அத்தகைய விளக்கு இரண்டாண்டில் அணைவானேன்?

மாணவர்கள் இதனை ஊன்றி நோக்குக. ஒளிகாலும் இருவாயி நேரோட்டத்தில் இயங்குவது. நம் வீடுகளுக்கு வருவதோ 230 வோல்ற்று ஆடலோட்டம். இடையே நின்று மின்னை மாற்றிக் கொடுப்பது ‘டிரைவர்’ என்னும் சிறு பெட்டி. அதனுள் உள்ள மின்பகு கொள்ளளவி வெப்பத்தால் நாளடைவில் வற்றிப்போகும். கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே தேங்கும் வெயிற்சூடு அதன் ஆயுளை இன்னும் குறைக்கும். எனவே, இருவாயிகள் நலமாயிருக்க, டிரைவர் மாத்திரம் பழுதாகியிருத்தல் கூடும்.

டிரைவர் தனிப் பெட்டியாக இணைந்திருப்பின் அதை மட்டும் மாற்றலாம். பழையதிற் பொறித்த மில்லி அம்பியர் அளவும் வோல்ற்று எல்லையும் புதியதிலும் ஒத்திருத்தல் வேண்டும். முழு விளக்கையும் மாற்றுவோர் உட்கூரைத் துளையின் விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குச் செல்க. வெளிச்சத்தின் அளவைக் கூறுவது வாற்று அன்று, லூமென் எண்ணே. நிறத்தைக் கூறுவது கெல்வின் எண்: 3000 மஞ்சட் சாயல், 6500 பகலொளி வெண்மை.

இனி முக்கியமானதொன்று. சுவரிலுள்ள ஆளியை அணைத்தாற் போதுமென நம்பி ஏணியில் ஏறாதீர்கள். உயிர்க் கம்பியில் இருக்கவேண்டிய ஆளி நொதுமற் கம்பியிற் பொருத்தப்பட்டிருந்தால், விளக்கு அணைந்த பின்னும் மின் அங்கே காத்திருக்கும். பிரதான ஆளியையே நிறுத்துக. பின்னர் ரெஸ்ரராற் சோதித்துப் பார்க்க. ஏணியை ஒருவர் பிடித்திருக்கட்டும். கம்பி இணைப்பில் ஐயமிருப்பின் தகுதிபெற்ற மின்தொழிலாளரை அழைப்பதே அறிவுடைமை. அவருக்குக் கொடுக்கும் கூலி ஓர் உயிரின் விலையிலும் பெரிதன்று.

நீலவொளி தரும் இருவாயியை ஆக்கியமைக்காக அக்கசாக்கி, அமனோ, நக்கமுரா என்னும் மூவருக்கு 2014இல் பௌதிகவியலுக்கான நோபெற் பரிசு வழங்கப்பட்டது. அந்நீலவொளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றிக் கலந்தே நம் வீட்டு வெள்ளொளி பெறப்படுகிறது. அத்துணை உழைப்பில் விளைந்த பொருளை, அருகிலுள்ள சிறு பெட்டி கெட்டதற்காகக் குப்பையிற் சேர்ப்பது சிக்கனமுமன்று, கற்றோர்க்கு அழகுமன்று.