அனிதா பால்துரை சொல்லும் பாடம்: பந்தோடு ஒரு வேலையும் வேண்டும்

மாலையில் மலாக்கா சீனப்பள்ளித் திடல்களைக் கடந்து போகிறவர்களுக்குக் கூடைப்பந்து தட்டும் சத்தம் பழகிய ஒன்று. அந்தக் கூட்டத்தில் நம் பெண் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. தமிழ்ப்பள்ளியில் அவர்கள் ஆடுவது வலைப்பந்து. படிவம் ஐந்து முடிந்ததும் பலர் அதையும் விட்டுவிடுகிறார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு விளையாட்டு சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்டால், பிள்ளையிடம் பதில் இருப்பதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கிறது சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையின் வாழ்க்கை. 1985-இல் பிறந்த அவர் 19 வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவியானார். 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். ஒன்பது ஆசிய வெற்றியாளர் போட்டிகளில் களமிறங்கினார். 2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

திறமை இருந்தது உண்மைதான். ஆனால் 18 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கத் திறமை மட்டும் போதாது. அவருக்குத் தென்னக இரயில்வேயில் வேலை இருந்தது. இந்திய இரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கிறது. மாதச் சம்பளம் உண்டு, பயிற்சிக்கும் போட்டிக்கும் அனுமதி உண்டு, இரயில்வே அணிக்கு ஆடும் வாய்ப்பும் உண்டு. திருமணம், குழந்தைப்பேறு என்று பலருடைய ஆட்டம் முடிந்துபோகும் இடத்தில் அனிதாவின் ஆட்டம் முடியவில்லை. தாயான பிறகும் அவர் அணிக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கிண்ணம் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி முதல் பிரிவுக்கு உயர்ந்த இந்திய அணியில் அவரும் இருந்தார்.

கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸும் இதே தென்னக இரயில்வே ஆட்டக்காரர்தான். ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு, 2011-இல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வு வரை போனார். அங்கு இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் நடுத்தெருவில் நிற்கவில்லை.

அமெரிக்காவில் இந்தத் தாங்குபலத்தைக் கல்லூரியே தருகிறது. அயோவா பல்கலைக்கழகத்துக்காக 3,951 புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்த கெய்ட்லின் கிளார்க், 2024-இல் தொழில்முறை லீக்கில் முதல் ஆட்டக்காரராகத் தேர்வானார். முதலாண்டு லீக் சம்பளம் 76,535 டாலர்தான். விளம்பர வருமானம் அதைவிடப் பல மடங்கு. அந்தப் பெயரை அவர் சம்பாதித்தது கல்லூரித் திடலில்.

நம் நாட்டிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. சுங்கைப்பட்டாணியின் எஸ்.சிவசங்கரி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஸ்குவாஷ் ஆடியவர். 2022-இல் சாலை விபத்தில் காயமடைந்தார். மறு ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024-இல் லண்டன் கிளாசிக் பட்டமும் அவருக்கே. படிப்பும் விளையாட்டும் எதிரிகள் என்ற பேச்சு அவரிடம் பொய்த்துப் போனது.

ஜாசினிலோ மெர்லிமாவிலோ இருக்கும் பிள்ளைக்கு இரயில்வே வேலையும் இல்லை, கார்னெலும் பக்கத்தில் இல்லை. ஆனால் அவள் முதலில் தடுக்கி விழுவது அதற்கும் முன்னால், பள்ளி வாசலிலேயே. பகலில் பள்ளிப் பேருந்து கிளம்பிவிடும், பயிற்சி மாலையில். தோட்டத்துக்குத் திரும்பிப் போக வழியில்லாத பிள்ளை விளையாட்டுப் பட்டியலில் பெயரே கொடுப்பதில்லை.

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. வாரம் இரண்டு நாள் ஒரு வேன் ஏற்பாடு செய்யக் கோயில் நிர்வாகத்தாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாலும் முடியும். பெற்றோர் ஒன்றை மறக்க வேண்டாம்: எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனு செய்யும்போது 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. மகளின் விளையாட்டுச் சான்றிதழ்களை அலமாரியில் பத்திரமாக வையுங்கள். போலீஸ், இராணுவம் ஆகியவற்றுக்கும் விளையாட்டு அணிகள் உள்ளன என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாரும் அனிதா ஆகப் போவதில்லை. ஆனால் பேருந்து இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை பந்தைக் கீழே வைத்தால், அது அவள் தோல்வி அல்ல, நம்முடையது.